வீட்டில் ஓர் ஒலிப்பதிவு மூலை: மிக்சர் வாங்கும் முன்...

 

மட்டக்களப்பு வாவிக்குப் 'பாடும் மீன்' என்றொரு பெருமை உண்டு. நிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் சென்று, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையைக் காதோடு சேர்த்து வைத்தால் அந்த ஓசை கேட்கும் என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். 1950களில் லாங் என்ற அமெரிக்கப் பாதிரியார் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அது வானொலியிலும் ஒலித்தது. நீருக்குள் கிடந்த ஓசையையே பிடித்து வைத்த ஊர் இது. ஆனால் நம் வீட்டு மூத்தம்மாவின் குரலை நாம் பிடித்து வைத்திருக்கிறோமா?

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து மனிதர்களை மட்டுமல்ல, அவர்களுடைய படங்களையும் கசெட்டுகளையும் சேர்த்தே கொண்டு போனது. போனவர்களில் எத்தனை பேருடைய குரல் இன்று நம்மிடம் இருக்கிறது? பிள்ளையைத் தாலாட்டிய குரல், ஓதக் கற்றுக் கொடுத்த குரல், "மகள், சாப்பிட்டியா?" என்று கேட்ட குரல் எல்லாம் கேட்டவர்களின் நினைவோடு மறைந்து போகின்றன.

2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் மத்ரஸாக்கள் மூடப்பட்டபோது, நமது முஅல்லிமாக்கள் பலர் வீட்டிலிருந்தபடியே பாடங்களைப் பதிவு செய்து பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் பின்னரும் தொடர்கிறது. தஜ்வீத் பாடம், சிறுவர் கதை, நஷீத், வீட்டுப் பெரியவர்களின் அனுபவம் என்று பதிவு செய்ய ஆசைப்படும் பெண்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். ஆசை வந்ததும் அடுத்த கேள்வி, "ஒரு மிக்சர் வாங்க வேண்டுமா? எதை வாங்குவது?" என்பதுதான். விற்பவர் பெரியதைக் காட்டுவார். வெளிநாட்டிலிருக்கும் மகனோ அதை வாங்கியனுப்பக் கடன் படுவான். அப்படி நேராதிருக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் நிய்யத்து

எந்தச் செயலுக்கும் நிய்யத்தே அடிப்படை என்பதை நாம் அறிவோம். பொருள் வாங்குவதற்கும் இது பொருந்தும். எதைப் பதிவு செய்யப் போகிறோம்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரு கடதாசியில் விடை எழுதி வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அல்குர்ஆன் 17ஆம் அத்தியாயம் 27ஆம் வசனத்தில் கண்டிக்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நம் ரூபாயின் மதிப்பு சரிந்தபின், இறக்குமதியாகும் ஒவ்வொரு கருவியும் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கக் கூடியது என்பதை மறக்கக் கூடாது.

மிக்சர் என்பது என்ன? பல மைக்குகளிலிருந்து வரும் ஒலியை வாங்கி, ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைத்து, ஒன்றாகக் கலந்து வெளியே அனுப்பும் பெட்டி. அவ்வளவுதான். சமையலில் உப்பு, புளி, தூள் எல்லாவற்றையும் அளந்து சேர்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அனலொக் வகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு கண்முன்னே இருக்கும். திரைக்குள் புகுந்து தேட வேண்டியதில்லை. கற்பவர்களுக்கு இது பெரிய வசதி.

இதிலிருந்தே ஓர் உண்மை புலப்படும். கலப்பதற்குப் பல ஒலிகள் இருந்தால்தான் மிக்சர் தேவை. நீங்கள் ஒருவர் மட்டும் தனியே பாடம் சொல்லிப் பதிவு செய்வதானால், நேராகக் கணினியில் செருகும் ஒரு யூஎஸ்பி மைக் போதும். அல்லது 'ஓடியோ இன்டர்பேஸ்' எனப்படும் சிறு பெட்டியொன்றும் நல்ல மைக்கொன்றும் போதும். அதற்கும் வசதியில்லையா? அமைதியான அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்த கைத்தொலைபேசியே தொடங்கப் போதுமானது. சத்தம் நிறைந்த அறையில் வைத்த விலையுயர்ந்த மிக்சரை விட, அமைதியான அறையில் வைத்த சாதாரண போன் மேலானது.

பெயரிலுள்ள இலக்கம்

இருவரோ நால்வரோ சேர்ந்து பதிவு செய்கிறீர்கள், மிக்சர் தேவைதான் என்று முடிவாகிவிட்டதா? அப்படியானால் முதலில் ஏமாறும் இடத்தைச் சொல்லி விடுகிறேன். மிக்சரின் பெயரிலுள்ள இலக்கம் மைக்கின் எண்ணிக்கையல்ல! பெரிங்கர் நிறுவனத்தின் செனிக்ஸ் 802 என்ற பெட்டியில் 8 மைக் செருகலாம் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. அதில் மைக்குக்குரிய இடம் இரண்டுதான். மற்றவை கசெட் பிளேயர், கணினி, போன் போன்ற கருவிகளை இணைப்பதற்கான வழிகள். அவை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணப்படுகின்றன. யமஹா எம்ஜி06இல் மைக் இரண்டு, எம்ஜி10இல் நான்கு. சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட் வரிசையில் 5 என்பதில் மைக் ஒன்று, 8இல் இரண்டு, 12இல் நான்கு.

எனவே கடையில் கேட்க வேண்டியது "எத்தனை சனல்?" என்றல்ல. "எக்ஸ்எல்ஆர் மைக் செருகும் துளை எத்தனை? 48 வோல்ட் பவர் உண்டா?" என்று கேளுங்கள். எக்ஸ்எல்ஆர் என்பது மூன்று முனைகளைக் கொண்ட வட்டமான மைக் செருகி. 48 வோல்ட் என்பது கண்டென்சர் வகை மைக்குகள் இயங்குவதற்காக அதே கம்பி வழியாக மிக்சர் அனுப்பும் மின்சாரம். இன்று டைனமிக் மைக் மட்டுமே வைத்திருந்தாலும் நாளை தேவைப்படலாம் என்பதால், இந்த வசதியுள்ளதை வாங்குவதே நல்லது.

பெயரின் எழுத்துகளையும் கவனியுங்கள். யமஹா எம்ஜி வரிசையில் எக்ஸ் என்ற எழுத்து வந்தால் எதிரொலி முதலிய விளைவுகள் உண்டு என்றும், யூ என்ற எழுத்து வந்தால் யூஎஸ்பி உண்டு என்றும் பொருள். எம்ஜி10எக்ஸ்யூ என்றால் இரண்டும் உண்டு. வெறும் எம்ஜி10 என்றால் இரண்டும் இல்லை.

உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்?

உஸ்தாதும் மாணவியும், அல்லது மூத்தம்மாவும் பேத்தியும் என்று இருவர் பேசுவதற்கு எம்ஜி06, செனிக்ஸ் 802, நோட்பேட் 8 போன்ற இரண்டு மைக் பெட்டிகள் போதும். நான்கு பிள்ளைகள் சேர்ந்து நஷீத் படிக்கவோ, ராத்தாமார் கூடியிருந்து பழைய கதை பேசவோ பதிவு செய்வதானால் எம்ஜி10, நோட்பேட் 12 போன்றவை. இதற்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. பள்ளிவாசல் கூட்டத்துக்கும் கலியாண வீட்டுக்கும் வாடகைக்கு விடும் பெரிய மிக்சர்கள் மேடைக்கானவை. அவற்றின் திருகுகளில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

பட்ஜெட் குறைவானால் மிக்சரின் விலையைக் குறைத்து மைக்குக்குச் செலவிடுங்கள். மைக்கிலேயே குரல் கெட்டுவிட்டால் எந்த மிக்சராலும் அதைத் திருத்த முடியாது. ஓட்டுக்கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள, சத்தம் தெறிக்கும் நம் அறைகளுக்குக் கண்டென்சர் மைக்கை விட டைனமிக் மைக்கே பெரும்பாலும் பொருந்தும். அதைச் சற்று நெருங்கிப் பேச வேண்டும். அதனால் தெருவில் போகும் ஓட்டோவின் சத்தமும் அடுத்த வீட்டுக் கோழியின் சத்தமும் அதில் குறைவாகவே விழும்.

யூஎஸ்பி விடயத்தில் கவனம்

"யூஎஸ்பி இருக்கிறது, எல்லாவற்றையும் கணினியில் தனித்தனியாகப் பதியலாம்" என்று சொல்வார்கள். இந்த விலைப் பெட்டிகள் பெரும்பாலும் கலந்த ஒலியை வலம், இடம் என்ற இரண்டு வழிகளில் மட்டுமே கணினிக்கு அனுப்பும். நால்வர் பேசி ஒருவர் குரல் மட்டும் தாழ்ந்து போயிருந்தால், பின்னர் அதை மட்டும் உயர்த்த முடியாது. சோற்றில் கலந்த உப்பைப் பிரித்தெடுக்க முடியுமா? ஆகவே பதிவைத் தொடங்கு முன்பே அளவைச் சரிபார்த்துவிட வேண்டும்.

இருவர் மட்டும் என்றால் ஓர் உபாயம் உண்டு. 'பான்' என்ற திருகைப் பாருங்கள். உஸ்தாதின் பானை முழுக்க இடப்பக்கமும், மாணவியின் பானை முழுக்க வலப்பக்கமும் திருப்பி விடுங்கள். இரண்டு குரல்களும் கணினியில் தனித்தனி வழியில் விழும். பின்னர் ஒன்றை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம், நடுவுக்கும் கொண்டு வரலாம். அந்த வேலைக்கு ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும்.

யூஎஸ்பி இல்லாத மிக்சரும் கெட்டதல்ல. அதன் வெளியீட்டைக் கணினியின் 'லைன் இன்' துளையில் இணைக்கலாம். ஆனால் மடிக்கணினியின் மைக் துளையில் இணைத்தால் ஒலி மிகையாகிக் கரகரக்கும். போனில் இணைக்க அதற்கென்ற தனிக் கம்பி வேண்டும். வாங்குமுன் இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பழையது வாங்கினால்

இரண்டாம் கையாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடையில் நின்றபடியே சோதித்து வாங்குங்கள். ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லாத் திருகுகளையும் ஒவ்வொன்றாக முழுக்கத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசியோ துருவோ ஏறியிருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் செருகிப் பேசிப் பாருங்கள். செருகியை மெதுவாக அசைத்தால் ஒலி அறுந்து போகிறதா என்று கவனியுங்கள். 48 வோல்ட் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அடப்டரைக் கேட்டு வாங்குங்கள். சிறிய மிக்சர்கள் பலவற்றின் அடப்டர் அந்தப் பெட்டிக்கென்றே செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் ஏதோவொன்றைச் செருகினால் பெட்டி எரிந்து போகக் கூடும். அடப்டர் இல்லாத பழைய மிக்சர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உப்புக் காற்றும் மாரி மழையும்

நமது ஊர்கள் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கும் மணல் நிலங்கள். ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் ஈரமும் கடலின் உப்பும் காற்றில் எப்போதும் கலந்திருக்கின்றன. மின் கருவிகளின் செப்பு முனைகளுக்கு இதைவிடப் பெரிய எதிரியில்லை. வேலை முடிந்ததும் மிக்சரைத் துணியால் மூடி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பைகளை எறியாமல் அதில் போடுங்கள். பெட்டியைப் பல மாதங்கள் சும்மா பூட்டி வைக்கவும் வேண்டாம். வாரம் ஒருமுறையாவது எடுத்துத் திருகுகளைத் திருப்பிவிட்டால் துரு படிவது குறையும்.

வடகீழ்ப் பருவ மழை பெய்யும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் பதிவு செய்வது இயலாத காரியம். அந்த நாட்களைப் பதிந்ததைத் திருத்தும் வேலைக்கு ஒதுக்குங்கள். மற்றக் காலங்களில் சுபஹுக்குப் பிந்திய நேரமும் இஷாவுக்குப் பிந்திய நேரமும் ஏற்றவை. யன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையைத் தெரிவு செய்யுங்கள். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதை நோக்கி அமர்ந்து பேசுங்கள். சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மருதமுனைக் கைத்தறிப் போர்வைகளை இரண்டாக மடித்துத் தொங்க விடுங்கள். தனிப் பன்பாய் மெல்லியது. அது எதிரொலியைப் பெரிதாகத் தடுக்காது.

பேசாமலிருக்கும்போதே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதா? நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. அந்தத் துடிப்பே கம்பி வழியாக நுழைந்து இரைகிறது. மிக்சரையும் கணினியையும் ஒரே பிளக் இடத்திலிருந்து எடுங்கள். மைக் கம்பியை மின் கம்பியோடு ஒட்டிப் போடாதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றால் சரியாகும். இரைச்சலைப் போக்குவதற்காக பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் வெட்டி விடாதீர்கள். அது உயிரைக் காக்கும் முள்!

நடுநிலையான அளவு

நபி (ஸல்) அவர்கள் ஓரிரவு அபூபக்ர் (ரலி) அவர்கள் மிகத் தாழ்ந்த குரலில் ஓதித் தொழுவதையும், உமர் (ரலி) அவர்கள் உரத்த குரலில் ஓதித் தொழுவதையும் கண்டார்கள். பின்னர் இருவரிடமும் காரணம் கேட்டறிந்து, முன்னவரிடம் குரலைச் சற்று உயர்த்தும்படியும் பின்னவரிடம் சற்றுத் தாழ்த்தும்படியும் சொன்னார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மிக்சரின் 'கெய்ன்' என்ற திருகைத் தொடும்போது இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

கெய்ன் குறைந்தால் குரலோடு இரைச்சலும் சேர்ந்துவிடும். கூடினால் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலைத் திருத்தவே முடியாது. முறை இதுதான்: கெய்னை முழுக்கக் குறைத்து, கீழேயுள்ள அளவுத் திருகை 0 என்ற குறியில் வையுங்கள். பேசுபவரை, தாம் பேசக்கூடிய மிக உரத்த குரலில் பேசச் சொல்லுங்கள். கெய்னை மெதுவாகக் கூட்டிப் பச்சை விளக்குகள் ஏறி மஞ்சளை எட்டும்போது நிறுத்துங்கள். சிவப்பு எரிந்தால் சற்றுக் குறையுங்கள். கணினித் திரையில் உச்ச அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்பது பாதுகாப்பானது.

'லோ கட்' என்ற பொத்தான் இருந்தால் அழுத்தி விடுங்கள். பல பெட்டிகளில் அது 80 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும். பெண்களின் குரலின் அடித்துடிப்பு பொதுவாக 165 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகிறது. பிள்ளைகளின் குரல் அதைவிட உயர்ந்தது. ஆகவே குரலுக்குக் கேடில்லை. லொறி போகும் அதிர்வும் மூச்சு மோதும் சத்தமும் குறையும்.

எழுத்துகளும் மைக்கும்

தஜ்வீத் பாடம் பதிவு செய்யும் முஅல்லிமாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸாத், ஸீன், ஸாய் ஆகிய ஸஃபீர் எழுத்துகளின் சீழ்க்கை மைக்கில் கூர்மையாகிக் காதைக் குத்தும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கமாகச் சற்றுச் சரித்து வைத்தால் அது தணியும். ஃபா, ஹா ஆகிய எழுத்துகளின் மூச்சு மோதாமல், மைக்குக்கும் வாய்க்கும் நடுவே மெல்லிய துணியை வளையத்தில் கட்டி நிறுத்தலாம். கல்கலா எழுத்துகள் ஐந்திலும் குரல் திடீரென ஏறும். ஆகையால் கெய்னைச் சோதிக்கும்போது கல்கலா வரும் ஆயத்தொன்றை ஓதிப் பாருங்கள்.

எதிரொலித் திருகைத் தொடாதீர்கள்! கேட்க இனிமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மத்து எங்கே முடிந்தது, அடுத்த எழுத்து எங்கே தொடங்கியது என்பதை அது மறைத்துவிடும். பாடம் கேட்கும் பிள்ளை பிழையாகக் கற்கும். பதியும்போது சேர்த்த எதிரொலியைப் பின்னர் அகற்றவும் முடியாது.

கசெட்டிலுள்ள குரல்கள்

மிக்சரால் இன்னொரு பெரும் பயனுண்டு. 1980களிலும் 90களிலும் வளைகுடாவுக்குப் போன கணவருக்கும் மகனுக்கும் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்பிய குடும்பங்கள் நம்மில் ஏராளம். உம்மாவின் அழுகையும், தவழும் பிள்ளையின் மழலையும் அந்த நாடாக்களில் கிடக்கின்றன. கசெட் பிளேயரின் வெளியீட்டை மிக்சரின் ஸ்டீரியோத் துளையில் இணைத்து, கணினியில் பதிந்து கொள்ளுங்கள். 60 நிமிடக் கசெட்டுக்கு 60 நிமிடம் செல்லும். குறுக்கு வழியில்லை. முதலில் கசெட்டின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு தட்டுகளை உடைத்து விடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. நாடாவில் வெண்பூஞ்சணம் தெரிந்தால் ஓட விடாமல் முதலில் தெரிந்தவரிடம் காட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

வீட்டுப் பதிவு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு எகிப்து சாட்சி. 1934ஆம் ஆண்டு கெய்ரோ வானொலி தொடங்கியபோது முதலில் ஒலித்தது, கண்பார்வையிழந்த காரி ஷெய்க் முஹம்மத் ரிஃப்அத் அவர்களின் கிராஅத். அவர் குரல் இன்றும் நமக்குக் கேட்கிறதென்றால், ஸகரிய்யா மஹ்ரான் பாஷா என்ற அன்பர் வானொலியில் வந்ததை அக்கறையோடு பதிந்து வைத்ததும் அதற்கு ஒரு முக்கிய காரணம். ஒரு தனி மனிதரின் ஆர்வம் தலைமுறைகளுக்குச் செல்வமாயிற்று!

பதிந்ததை வேவ் வடிவில் வைத்திருங்கள். ஒற்றைக் குரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி இடம் போதும். அனுப்புவதற்கு மட்டும் எம்பி3 ஆக மாற்றுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கட்டும். கடல் வந்த ஊருக்கு இந்த எச்சரிக்கை அவசியம்.

குரல் ஓர் அமானிதம்

இறுதியாக ஒன்று. மறைவாகத் துருவி ஆராய்வதை அல்குர்ஆன் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுக்கிறது. யாருடைய குரலையும் அவரறியாமல் பதியாதீர்கள். மூத்தம்மாவாக இருந்தாலும் அனுமதி கேளுங்கள். குடும்பத்துக்கென்று பதிந்ததை ஊருக்கு அனுப்பாதீர்கள். பெண்களின் குரலைப் பொதுவில் வெளியிடுவது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்து கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் மாணவிகளுக்கும் பயன்படுவதற்குப் பதிந்து வைப்பதே பெரும் நன்மை.

மிக்சர் இன்று கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும். விலை ஏறும், இறங்கும். ஆனால் எண்பதைத் தாண்டிய மூத்தம்மாவின் குரல் யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே கருவிக்குப் பணம் சேரும் வரை சும்மா இருக்காமல், கையிலுள்ள போனைக் கொண்டே தொடங்குங்கள். இந்த ஜும்ஆ நாளன்று அஸருக்குப் பின் அவரருகே அமர்ந்து, "உங்கள் உம்மா உங்களுக்கு என்ன சொல்லித் தந்தா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அவர் பேசட்டும். நீங்கள் குறுக்கிடாதீர்கள்.

நம் பெரியோரின் நற்குரல்களை நம் சந்ததிக்கு நற்பயனாக ஆக்கி வைக்க அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.